நாலாவது பட்டை

அந்தச் சின்ன விமானக் கம்பெனியில் கேப்டன் ஆவதற்குப் பெரிய வீரதீரம் ஒன்றும் வேண்டாம். மேலே இருப்பவர்கள் கிளம்பிப் போக வேண்டும், அவ்வளவுதான். குழாயடி வரிசை போலத்தான் அதுவும். முன்னால் நிற்பவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தால் பின்னால் நிற்பவள் ஓர் அடி எடுத்து வைக்கலாம். அவள் நகராவிட்டால் நின்ற இடத்திலேயே தலை நரைக்க வேண்டியதுதான். அப்படி நரைத்தவர்களும் அங்கே இருந்தார்கள்.

விமானத்தின் மூக்கில் இரண்டே சீட். இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் கோ-பைலட். கை நீட்டினால் எட்டுகிற தூரம். "இந்த ஒரு முழத்தத் தாண்ட எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு" என்று மீசை கேப்டன் புதிதாகச் சேருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். பயமுறுத்துவதற்காக இல்லை. அவருக்கே அது இன்னும் ஆறவில்லை.

பொடிசு சேர்ந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார். பொடிசு என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, முழுக்க மேலே ஏற்றினால்தான் அவளுக்குக் கண்ணாடிக்கு வெளியே ரன்வே தெரியும். முதல் வாரமே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவள் புருஷனும் அதே கம்பெனியில் மெக்கானிக் என்பதால், அவன் சட்டையில் ஒட்டிய எண்ணெய் வாடையோடு அந்தப் பேரும் வீடு வந்து சேர்ந்தது. வேலை இடத்தில் அவன் அவளை "மேடம்" என்பான். வீட்டுப் படியேறியதும் பொடிசு.

"ஒன்பது வருஷம்னா நிதானமா ரெண்டு பிள்ளை பெத்து, பள்ளிக்கூடத்துல சேத்துட்டு அப்புறம் கேப்டன் ஆகலாம்" என்று சிரித்தார் ரோஸ்டர் அண்ணன். யார் எந்த விமானத்தில் போவது என்று போட்டுக்கொடுக்கிறவர் அவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

ஆனால் பாருங்கள், பெரிய விமானக் கம்பெனிகள் திடீரென்று கதவை அகலத் திறந்தன. கேப்டன்கள் எத்தனை பேர் வந்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்றன. சாக்கில் ஓட்டை விழுந்தால் தானியம் கொட்டுமே, அப்படிக் கொட்டினார்கள். வாரத்துக்கு ஒரு கேக் வெட்டு, ஒரு கைகுலுக்கல், "வர்றேன்டா, வர்றேம்மா." போகிற ஒவ்வொருவரும் பின்னால் நிற்கிறவர்களை ஒரு படி மேலே தள்ளிவிட்டுப் போனார்கள். பறந்த மணிக்கணக்கு ஓரளவு தேறியிருந்தால் போதும், இரண்டு வருஷத்திலேயே இடது சீட். ஒன்பது வருஷம் காத்துக் கிடந்த மீசை கேப்டனுக்கு இதைப் பார்க்கச் சோறு இறங்கவில்லை. "எங்க காலத்துல" என்று ஆரம்பிப்பார். கேட்க வேண்டியவர்கள் பாதிப் பேர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்கள்.

அந்த வருஷம் பொடிசு மாசமாக இருந்தாள். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த நாளிலிருந்து பறக்கக் கூடாது என்பது விதி. விமானிகள் அறையில் ஒரு மேசை கொடுத்து, வானிலைத் தாள்களை எடுத்துக் கொடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். புருஷன் புது ப்ரொப்பல்லர் வந்திறங்கும் மரப்பெட்டிகளில் நல்ல பலகையாகப் பொறுக்கி, ஒர்க்ஷாப்பிலேயே இழைத்து இழைத்து ஒரு சின்னக் கட்டில் செய்தான். நாலு பக்கமும் தடுப்பு, அடியில் சக்கரம். சக்கரம் சத்தமே போடாது. விமானத்துக்குப் போடுகிற மசகு போட்டிருந்தான்.

ஏழாம் மாதமே குழந்தை வந்துவிட்டது. அழவில்லை. அழும் அழும் என்று அறையில் இருந்த எல்லாரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். அது அழவேயில்லை.

பொடிசும் அழவில்லை. அவளுக்கும் சேர்த்து அவள் மாமியார்தான் அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, மறுநாளே தையல் மெஷினில் உட்கார்ந்தாள். ஏர்போர்ட்டு ஆட்களின் சீருடையை அளவு பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். இடுப்பு பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்து விடுவாள். அந்தக் கட்டிலைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய் அதில் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கொட்டி வைத்தவளும் அவள்தான்.

மகன் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான். "என்னம்மா இது?"

"சும்மா கெடந்தா கண்ணக் குத்தும்டா. ஏதாச்சும் வேலைல இருந்தா கண்ணுல படாது" என்றாள் அவள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சு இல்லை.

பொடிசு விடுப்பில் கிடந்தாள். தூங்கினாள், எழுந்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். அவள் அப்படிக் கிடந்த மாதங்களில் மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டே இருந்தார்கள். வரிசைக்குத் தெரியுமா யார் வீட்டில் என்ன நடந்தது என்று? அது பாட்டுக்கு நகர்ந்தது. மறுபடி வேலைக்குப் போகிற அன்று விமானிகள் அறைச் சுவரில் ஒட்டியிருந்த வரிசைப் பட்டியலைப் பார்த்தால், அடியில் கிடந்த அவள் பெயர் மேலே, கண் மட்டத்துக்கு வந்திருந்தது.

"பாத்தியா, படுத்துக்கிட்டே படி ஏறிட்ட!" என்று கை தட்டினார் ரோஸ்டர் அண்ணன். சொன்ன மறுநிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டார். முகம் சுண்டிப் போயிற்று. "அம்மா, நான் ஒரு கூறு கெட்டவன்…"

"பரவால்லண்ணே" என்றாள் பொடிசு. உண்மையிலேயே பரவாயில்லாமல்தான் இருந்தது. அதுதான் விஷயமே.

கம்பெனி டாக்டர் பார்த்தார். ரத்த அழுத்தம், கண், காது எல்லாம் சரி. "தூக்கம் வருதாம்மா?" வருது. "பசி?" பசிக்குது. கேட்டதற்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னாள். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

சில மாதம் பழையபடி வலது சீட்டில் பறந்தாள். பிறகு கேப்டன் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். சிமுலேட்டர் என்று ஒன்று உண்டு. பெரிய பெட்டி, உள்ளே விமானத்தின் மூக்கு அப்படியே இருக்கும். அதில் உட்கார வைத்து எஞ்சினை அணைப்பார்கள், தீ மணி அடிப்பார்கள், சக்கரம் இறங்காமல் செய்வார்கள். நல்ல நல்ல ஆண்பிள்ளைகளே அதிலிருந்து சட்டை நனைந்து இறங்குவார்கள். பொடிசு விமானத்தை மேலே ஏற்றும் நேரத்தில் மீசை கேப்டன் இடது எஞ்சினுக்குத் தீ வைத்தார். மணி அலறியது. அவள் கையை நீட்டி, செய்ய வேண்டியதை வரிசைப்படி செய்தாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. பால்காரனுக்கு நாளைக்கு ஒரு பாக்கெட் கூட வேண்டும் என்று சொல்கிற குரல்.

இறங்கி வந்ததும் மீசை கேப்டன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இது பொண்ணா, கருங்கல்லா? இருபது வருஷமா செக் பண்றேன். இப்படி ஒரு நெஞ்சுறுதிய நான் பாத்ததில்ல. ரெண்டு வருஷத்துல கேப்டனான்னு நானே முணுமுணுத்துட்டிருந்தேன். வாபஸ் வாங்கிக்கறேன்."

அந்தப் பேச்சு ஏர்போர்ட்டு முழுக்கப் பரவியது. டீக்கடைப் பெண்கூடச் சொன்னாள், "அக்கா, உங்களுக்குப் பயமே கிடையாதாமே!" பொடிசு சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் எது என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டில் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. கோ-பைலட்டுக்குக் கோட்டுக் கையில் மூன்று பட்டை, கேப்டனுக்கு நான்கு. எத்தனையோ பேருக்குத் தைத்துக் கொடுத்த நாலாவது பட்டையை வீட்டுப் பிள்ளைக்குத் தைக்கப் போகிறாளே. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான். ஜனங்களோட நெஜமா பறந்து காட்டணும். மீசைக்காரர் பின்னால உக்காந்து பாப்பார். சரின்னாருன்னா அன்னைக்கே கேப்டன்."

"மாமி, நாங்க ஏறுனா டிக்கெட் இலவசமா?"

"ஏறி உக்காரு, எறக்கி விடச் சொல்றேன், பாதியில!"

அன்று சாயங்காலம் பொடிசு அந்தக் கட்டிலிலிருந்து வெங்காயம் எடுத்து நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, தள்ளி நிக்கற எனக்கே கண்ணு எரியுது. உன் கண்ணு என்ன கண்ணுடி, ஒரு சொட்டு வரல?"

"கருங்கல்லுன்னு மீசை கேப்டன் சொன்னாரே அத்தை."

"அவர் கெடக்கார். சீக்கிரம் நறுக்கு, முட்டைய ஒடச்சு ஊத்தணும்."

புருஷன் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான்.  பிறகு சோப்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டான். விரலிடுக்கில் எண்ணெய்க் கறை ரொம்ப நாளாகப் போகவே இல்லை அவனுக்கு.

கடைசிப் பரீட்சை அன்று மழைக்காலத்தின் நட்டநடு. காலையில் வெளுத்த வானம் மத்தியானம் அடுப்புக்கரி ஆயிற்று. பொடிசு இடது சீட்டில். வலது சீட்டில் புதுசு என்று எல்லாரும் கூப்பிடுகிற கோ-பைலட். அவளுக்கு அப்புறம் சேர்ந்தவன், மீசை முளைத்தும் முளைக்காத முகம். இரண்டு பேருக்கும் பின்னால் மடக்கு சீட்டில் மீசை கேப்டன், கையைக் கட்டிக்கொண்டு. அதற்கும் பின்னால் கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு சீட்டு மிச்சமில்லாமல் ஜனங்கள்.

போய்விட்டுத் திரும்பி, சொந்த ஊரை நெருங்கும்போது மேகம் குடுமியைப் பிடித்து ஆட்டியது. விமானம் தூக்கிப் போட்டுப் பிடித்தது. முன்னால் போன இன்னொரு கம்பெனி விமானம், இறங்கப் பார்த்து முடியாமல் திரும்பிவிட்டது என்று ரேடியோவில் கேட்டது. டவரிலிருந்து காற்றளவு சொன்னார்கள். பக்கவாட்டுக் காற்று இவ்வளவு வரை இருந்தால் இறங்கலாம் என்று புத்தகத்தில் ஓர் அளவு உண்டு. அவர்கள் சொன்னது அதே அளவு. நூல் பிடித்த மாதிரி அதே அளவு.

"எல்லைக்குள்ளதான் இருக்கு. இறங்கறோம்" என்றாள் பொடிசு.

"சரிங்க கேப்டன்" என்றான் புதுசு. பேப்பரைப் பிடித்திருந்த அவன் கை நடுங்கியது. ரன்வே மழைக்குள் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. விமானம் நண்டு நடப்பதுபோலப் பக்கவாட்டில் சாய்ந்து இறங்கியது. "கேப்டன்… சுத்திடலாமா?" என்றான் அவன்.  சுற்றுவது என்றால் வேறொன்றுமில்லை: இறங்காமல் மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வருவது. அதில் அவமானம் இல்லை. அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அவள் காதில் அது விழுந்தது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல விழுந்தது. பதில் சொல்லவில்லை. சக்கரம் தரையைத் தொட்டது. ஒரு பக்கம் வழுக்கியது, பிடித்தது, நின்றது.

பின்னாலிருந்து மீசை கேப்டன் அவள் தோளைத் தட்டினார். "ஒரு எண்ணு தப்பல. ஒரு விதி தப்பல. கேப்டன், வாழ்த்துகள்."

ஜனங்கள் இறங்கினார்கள். வாந்தி நாற்றம் வந்தது. மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு புதுசு படியருகே நின்றான். பொடிசு கதவோரம் நின்று ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள். கடைசியாக ஒரு பெண், இடுப்பில் ஒரு வயசுப் பிள்ளையோடு வந்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பிள்ளை அவள் தோளில் தேம்பிக்கொண்டிருந்தது.

"நீங்கதான் ஓட்டுனீங்களா?"

"ஆமாம்மா."

"கையெடுத்துக் கும்பிடறேன். நான் செத்தே போயிட்டேன் உள்ள. இங்க பாருங்களேன்." பிள்ளையின் கையை நீட்டிக் காட்டினாள். கொழுகொழு என்றிருந்த அந்தக் கையில் அவள் விரல்கள் அத்தனையும் சிவப்பாகப் பதிந்திருந்தன. "இப்படிப் புடிச்சிருக்கேன் பாவி. அதான் அழுவுது. ஆடுனதுக்கு அழுவல, நான் அமுக்குனதுக்கு அழுவுது."

பொடிசு அந்த அச்சைப் பார்த்தாள். ஏதாவது தோன்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒருவேளை நேரம் ஆகும் என்று இன்னும் கொஞ்சம் பார்த்தாள். சுவரைப் பார்ப்பதுபோல இருந்தது.

"பாத்துப் போங்கம்மா, படி வழுக்கும்" என்றாள்.

விமானிகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் மீசை கேப்டன் முன் சீட்டில் யாருடனோ ஃபோனில் அவள் புகழ் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுசு உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கேப்டன், ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்குப் பயமா இல்லையா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா… பின்னால அவ்ளோ பேர் இருக்காங்கல்ல. எனக்கு அதுதான் ஞாபகத்துலயே இருந்துச்சு. அதான் கை ஆடிருச்சு. மன்னிச்சுக்குங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அவள் மறக்கவில்லை. ஆனால் அது வெறும் எடைக்கணக்காக மட்டுமே இருந்தது. இவ்வளவு எடை, இவ்வளவு எண்ணெய், இவ்வளவு வேகம். கை நடுங்கிய இந்தப் பிள்ளைக்குத்தான் அவர்கள் மனிதர்களாக இருந்தார்கள். "எதுக்கு?" என்று தான் கேட்டது அவள் காதிலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அத்தை மெஷினில் இருந்தாள். கோட்டின் வலது கையில் நாலாவது பட்டை ஏறிவிட்டது. இடது கை மடியில் கிடந்தது.

"வாடி கேப்டனு! மீசைக்காரர் ஃபோன் போட்டு இவன்கிட்ட சொல்லிட்டார். கை கால் கழுவிட்டு வா, உருளைக்கிழங்கு வறுத்து வெச்சிருக்கேன், சூடு ஆறிடும்."

புருஷன் தட்டு எடுத்து வைத்தான். மூவரும் உட்கார்ந்தார்கள். பொடிசு ரொட்டியைப் பிய்த்தாள். பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு இன்னைக்கு ஒண்ணுமே தோணல."

"களைப்பு. தின்னுட்டுப் படு, தோணும்" என்றாள் அத்தை.

"இன்னைக்கு இல்ல அத்தை. அன்னையிலேர்ந்து."

எந்த அன்று என்று யாரும் கேட்கவில்லை. அத்தையின் கை தட்டில் அப்படியே நின்றது.

"எறங்க வேணாம், சுத்திடலாம்னு அந்தப் பையன் சொன்னான். எல்லாரும் செத்துருந்தாலும் எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது. நான் செத்துருந்தாலும்தான்."

"வாயக் கழுவு! நல்ல நாளும் அதுவுமா…"

"அம்மா, சும்மா இரு" என்றான் அவன்.

"ஏன்டா சும்மா இருக்கணும்? தைரியமா இருக்கான்னு ஊரே சொல்லுது. இவ என்னடான்னா…"

"அது தைரியம் இல்ல அத்தை." பொடிசு புருஷனைப் பார்த்தாள். "நீங்கதான சொல்லுவீங்க, எஞ்சின் ஓடுறப்ப மீட்டர் முள்ளு லேசா ஆடிட்டே இருக்கணும்னு. ஆடாம நின்னா?"

அவன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். "முள்ளு செத்துருச்சுன்னு அர்த்தம்" என்றான். "எஞ்சின் எப்படி இருக்குன்னு தெரியாது. பிளேன வெளிய விடமாட்டோம்."

வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அத்தை எழுந்து விளக்கைப் போட்டாள். மறுபடி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சரி, இப்ப என்ன பண்ணணுங்கற? டாக்டர்கிட்ட சொன்னா?"

"சொன்னா பறக்க விடமாட்டாங்க. அவங்க சரின்னு சொல்ற வரைக்கும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"தெரியாது."

"அப்ப இந்த கேப்டன் வேலை?"

"அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"நீ திரும்பி வர்றப்ப?"

இதற்கு அவன்தான் பதில் சொன்னான். "பெரிய கம்பெனிக்காரன் கதவு தொறந்து கெடக்கற வரைக்கும்தாம்மா இந்த ஓட்டமெல்லாம். அவன் சாத்திட்டான்னா மேல யாரும் நகர மாட்டாங்க. மறுபடியும் பழைய ஒன்பது வருஷம்தான்."

"அதுக்குதான் சொல்றேன். மாசம் ரெண்டு மாசம் ஓட்டட்டும். பட்டை கெட்டியா ஒட்டிக்கட்டும். அப்புறமா லீவு போட்டுட்டு…" அத்தை மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒரு நல்லது நடக்குதேன்னு நெனச்சேன்டி" என்றாள். "இந்த வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணு."

"ஒரு பொம்பள பிள்ளையோட கையக் காட்டுனா அத்தை. பயத்துல புடிச்சு, விரல் அப்படியே பதிஞ்சிருந்துச்சு. நான் பாத்துட்டே நின்னேன். படி வழுக்கும்னு சொன்னேன்."



"ப்ரொப்பல்லர் பெட்டி வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்றான் புருஷன், தட்டைப் பார்த்துக்கொண்டே. யாரும் கேட்காமலே சொன்னான். "வேற யாரையாவது பிரிக்கச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவேன். அந்தப் பலகை வாசனை."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு நெனச்சேன். நீ நல்லா இருக்கறப்ப நான் எதுக்கு…"

அவள் அவன் விரலிடுக்குக் கறையைப் பார்த்தாள். பாவம் என்று நினைக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு வந்தது, பாவம் வரவில்லை. உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் அதைச் சாப்பிட்டு முடித்தார்கள். வீணாக்கும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

மறுநாள் காலை ரோஸ்டர் அண்ணனின் ஃபோன் வந்தது. "கேப்டன் பொடிசு அவர்களே! நாளைக்கு முதல் பிளேன் உங்களது. வாசல்ல கோலம் போட்டு வைக்கட்டுமா, கம்பளம் விரிக்கட்டுமா?"

"அண்ணே, வேற ஆளப் போடுங்க."

"ஏன்? ஜலதோஷமா?"

"இல்ல."

"வயிறா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லண்ணே. மனசு சரியில்ல. பறக்கற நிலைமைல நான் இல்ல. டாக்டரப் பாக்கணும்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். அண்ணன் குரல் பாதியாகக் குறைந்தது. "அம்மா தாயே, இத ஃபோன்ல சொல்லாத. ஜலதோஷம்னு எழுதிக்கறேன். ஜலதோஷம்னா ரெண்டு நாள்ல தானா போயிடும். நீ சொல்றத எழுதுனா… அது எப்ப போகும்னு யாருக்குமே தெரியாதும்மா. எனக்கு ஒண்ணுமே கேக்கல. சரியா?"

"எழுதுங்கண்ணே."

"உன் வீட்டுக்காரன்கிட்ட கேட்டியா? பெரியவங்கள யாராச்சும்…"

"எழுதுங்க. கேப்டன் சொல்றேன்."

பேனா மூடியைத் திறக்கும் சத்தம் வந்தது. பிறகு, "சரிங்க கேப்டன்" என்றார் அவர். கேலி இல்லாமல் சொன்னார்.

கேப்டனாக அவள் கொடுத்த முதல் உத்தரவு அது. கடைசி உத்தரவும் அதுவேதான்.

வரிசை அவளுக்காக நிற்கவில்லை. அவளுக்குக் கீழே இருந்தவர்கள் ஏறினார்கள். ஊரில் இரண்டு விதமாகப் பேச்சு. "அவ்ளோ தைரியசாலிக்கு என்னாச்சு?" என்றது ஒரு வாய். "சீக்கிரம் ஏறுனா சீக்கிரம் எறங்கணும்" என்றது இன்னொன்று. மீசை கேப்டன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "நான்தான் பாத்துருக்கணும். எண்ணுங்களயெல்லாம் பாத்தேன், உன்னப் பாக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அத்தை மாடிப்படியில் யாரையும் நிறுத்திப் பேசுவதில்லை. ஒரு கையில் நான்கும் ஒரு கையில் மூன்றுமாகப் பட்டையோடு அந்தக் கோட்டு அலமாரியில் தொங்கியது. "பிரிச்சுடட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டாள். "இருக்கட்டும் அத்தை" என்றாள் பொடிசு. வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

மனசுக்குப் பார்க்கிற டாக்டர் தலைமை அலுவலகம் இருந்த ஊரில் இருந்தார். மாதம் ஒரு தடவை கம்பெனி விமானத்திலேயே பின் சீட்டில் உட்கார்ந்து போய்வர வேண்டும். புருஷன் லீவு போட்டுக் கூட வருவான். டாக்டர் கேள்வி கேட்பார். அவள் பதில் சொல்லுவாள். ஒரு தடவை அந்தக் கட்டிலைப் பற்றிச் சொன்னாள். வெங்காயத்தைப் பற்றிச் சொன்னபோது டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. மருந்து கொடுத்தார். மருந்தில் வாய் உலர்ந்தது. வேறு மாற்றம் எதுவும் தெரியவில்லை.

நடுவில் பெரிய கம்பெனிகள் கதவைச் சாத்தின. ஆள் போதும் என்றுவிட்டார்கள். சுவரில் ஒட்டியிருந்த வரிசை ஒட்டினபடியே மஞ்சளாயிற்று. கதவு சாத்துவதற்குச் சற்று முன்னால் கடைசியாக இடது சீட்டுக்கு நழுவினவன் யார் என்கிறீர்கள்? புதுசுதான்.

அடுத்த மழைக்காலம் வந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற விமானத்தில் அவன்தான் கேப்டன். ஏறும்போது இவளைப் பார்த்துவிட்டு எழுந்து நிற்கப் போய், தலை மேலே இடித்துக்கொண்டான். "உக்காருங்க கேப்டன்" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புருஷன் பக்கத்தில்.

ஊர் நெருங்கியதும் வானம் கறுத்தது. விமானம் குலுங்க ஆரம்பித்தது. யாரோ ஒரு பெரியவர் கடவுளைக் கூப்பிட்டார். ஜன்னலில் மழை படுக்கையாக ஓடியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவளுக்கு உடம்பிலேயே தெரிந்தது. இறக்கை தாழ்வதும் நிமிர்வதும் தெரிந்தது. எல்லைக்குள்தான் இருக்கும் இந்நேரம், இறங்கலாம், நானாக இருந்தால் இறங்கிவிடுவேன் என்று நினைத்தாள். ரன்வே விளக்கு ஒன்று கீழே பளிச்சென்று போயிற்று.

திடீரென்று எஞ்சின் இரண்டும் உறுமின. மூக்கு மேலே தூக்கியது. வயிறு கீழேயே நின்றுவிட, மற்றதெல்லாம் மேலே போயிற்று. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். "என்னாச்சு? என்னாச்சு?" என்றான் புருஷன். மெக்கானிக்தான், ஆனால் தரையில் நிற்கிற மெக்கானிக்.

"சுத்தறான்" என்றாள் பொடிசு. "சரியாத்தான் சுத்தறான்."

சுற்றி வந்து, மேகம் கொஞ்சம் நகர்ந்த பிறகு, புதுசு இறக்கினான். நேரம் ஆயிற்று என்று இரண்டு பேர் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். புதுசு கதவோரம் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் அவனுக்குத் தலையசைத்தாள்.  கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

வீட்டுக் கதவைத் திறந்த அத்தை மகனின் கையைப் பார்த்தாள். மழைக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். மணிக்கட்டில் விரல் விரலாகச் சிவப்பாய் அச்சு.

"என்னடா இது கையில? எதுல மாட்டிக்கிட்ட?"

"பொடிசு புடிச்சாம்மா. பிளேன் தூக்குனப்ப."

"அதுக்கு இப்படியா?"

"பயந்துட்டாம்மா" என்றான் அவன்.

பொடிசு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் சொன்ன விதம் அவள் காதில் விழுந்தது. பிரசவ அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, குழந்தை அழுதுவிட்டது என்று சொல்கிறவர்களின் குரல் அது.